ஐந்து ஆண்டு உழைக்கும் மடிக்கணினி: நிறுவனத்தைப் பார்ப்பதா, தொடரைப் பார்ப்பதா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு இயந்திரவியல் பொறியியலில் சேர்கிறாள். 60,000 ரூபாய் வரை செலவிட முடியும். நான்கு ஆண்டுப் படிப்புக்கும் அதன்பின் வேலையில் முதல் ஓராண்டுக்குமாவது மடிக்கணினி தாங்க வேண்டும். மூத்த மகனுக்கு வாங்கியது மூன்றாம் ஆண்டிலேயே மூடியின் கீல் பிய்ந்து, பிறகு மதர்போர்டும் போய்விட்டது. பழுது பார்க்கக் கேட்ட தொகை வாங்கிய விலையில் பாதி. நாங்கள் கும்பகோணத்தில் இருக்கிறோம். எந்த நிறுவனத்தை நம்பி வாங்கலாம்?

ஐயா, ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகங்களையும் ஆசிரியர்களின் மடிக்கணினிகளையும் பதினான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்க நிறுவனம் என்று ஒன்று இல்லை. லெனோவோ, டெல், எச்பி, ஆசுஸ், ஏசர் ஆகிய ஐந்துமே நல்ல கணினிகளையும் செய்கின்றன, விலைக்காக எல்லாவற்றையும் குறைத்த கணினிகளையும் செய்கின்றன. ஆகவே நிறுவனத்துக்குள் எந்தத் தொடர் (சீரீஸ்) என்பதையும், அந்தத் தொடருக்கு உங்கள் ஊரில் யார் வந்து வேலை செய்வார்கள் என்பதையும்தான் நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும். உங்கள் தொகைக்கு, அலுவலகங்களுக்கென்று விற்கப்படும் தொடர்களில் தொடக்க நிலையில் உள்ள ஒன்றை, மூன்றாண்டு வீட்டுச் சேவை வாரண்டியுடன் வாங்குங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை இனி விளக்குகிறேன்.

மூடியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும், பெரும்பாலான மடிக்கணினிகளை வடிவமைத்துப் பொருத்தித் தருபவை குவாண்டா, காம்பல், விஸ்ட்ரான், இன்வென்டெக், பெகாட்ரான் போன்ற தைவான் நிறுவனங்கள். ஒரே தொழிற்சாலையிலிருந்து இரண்டு மூன்று போட்டி நிறுவனங்களின் கணினிகள் வெளிவருவது இந்தத் தொழிலில் சாதாரணம். டெல் நிறுவனத்துக்கு 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரிலும், லெனோவோவுக்குப் புதுச்சேரியிலும் ஆலைகள் இருப்பதால், நம் ஊர்க் கடையில் இருக்கும் சில பெட்டிகள் நம் பக்கத்திலேயே பொருத்தப்பட்டவையாகவும் இருக்கும். அப்படியானால் பெயருக்குரிய நிறுவனம் செய்வது என்ன? ஒரு தொடருக்கு எவ்வளவு செலவு செய்வது, உடலை எந்தப் பொருளில் செய்வது, எத்தனை சோதனைகளுக்கு உட்படுத்துவது, உதிரி பாகத்தை எத்தனை ஆண்டு வைத்திருப்பது, பழுதானால் யாரை அனுப்புவது ஆகியவற்றை அது தீர்மானிக்கிறது. இந்தத் தீர்மானங்கள் நிறுவனம் முழுவதற்கும் ஒன்றாக இருப்பதில்லை. தொடருக்குத் தொடர் வேறுபடுகின்றன.

நம்பகத்தன்மையைப் பற்றிக் கையில் இருக்கும் பழைய ஆதாரம் ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை அரைகுறையாகக் காட்டித்தான் ‘இந்தப் பிராண்டு நல்லது, அந்தப் பிராண்டு மோசம்’ என்ற பேச்சு இன்றும் நடக்கிறது. அமெரிக்காவில் நீட்டிப்பு வாரண்டி விற்கும் ஸ்கொயர்டிரேட் என்ற நிறுவனம், தன்னிடம் பதிவான சுமார் 30,000 மடிக்கணினிகளின் பழுதுகளை ஆராய்ந்து 2009-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் 31 சதவீதக் கணினிகள் பழுதாகும் என்றும், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உள்பாகக் கோளாறு, மீதி கீழே விழுந்ததும் தண்ணீர் கொட்டியதும் என்றும் அது கணக்கிட்டது. உள்பாகக் கோளாறில் மிகக் குறைவானது ஆசுஸ், 15.6 சதவீதம், அடுத்து தோஷிபா, பிறகு சோனி, கடைசி இடத்தில் எச்பி, 25.6 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்ததும் பட்டியலின் தலையில் இருப்பதை வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பாருங்கள். சோனி தன் வயோ கணினிப் பிரிவை 2014-இல் விற்றுவிட்டது. தோஷிபா 2018-இல் பெரும்பங்கை ஷார்ப்புக்கு விற்று, 2020-இல் முழுவதுமாக வெளியேறியது. அன்று அவற்றை நம்பகத்தன்மைக்காக வாங்கியவர்கள் பின்னர் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் அலைந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். இன்னொன்று, அந்தக் கணக்கில் ஒரு நிறுவனத்தின் மலிவான தொடரும் விலையுயர்ந்த தொடரும் ஒரே எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. அதே அறிக்கை, அன்றைய மலிவு வகையான நெட்புக்குகள் மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பழுதாகும் என்றும் சொன்னது. அந்தப் பகுதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எனக்குப் பெயர்ப்பட்டியலைவிட அந்த வரிதான் பயனுள்ளதாகப் படுகிறது.

பெரிய பெயர்களும் பெரிய தவறுகளிலிருந்து தப்பவில்லை. 2006 ஆகஸ்டில் டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவற்றின் செல்கள் சோனி செய்தவை என்பதால் ஆப்பிளும் லெனோவோவும் தோஷிபாவும் அதே காரணத்துக்காகத் திரும்பப் பெற்றன. 2008-இல் என்விடியாவின் சில வரைகலை (கிராபிக்ஸ்) சில்லுகள் சூட்டில் இணைப்பு விட்டுப்போய், டெல், எச்பி, ஆப்பிள் மூவரின் கணினிகளையும் பாதித்தன. 2015-இல் ஆப்பிள் கொண்டுவந்த மெல்லிய பட்டாம்பூச்சி விசைப்பலகை, ஒரு தூசு புகுந்தாலே விசைகள் சிக்கிக்கொள்ளும் அளவுக்கு நுண்மையாக இருந்தது; 2018-இல் நான்காண்டு இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவித்து, 2019 இறுதியில் பழைய முறைக்கே திரும்பத் தொடங்கினார்கள். பாகம் செய்பவரின் பிழை எல்லாப் பெயர்களையும் ஒன்றாகத் தாக்குகிறது என்பது இதில் ஒரு பாடம். பிழை வந்தபின் பொறுப்பேற்கச் சேவை அமைப்பு உள்ள நிறுவனமாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது இன்னொன்று. புதிதாக வந்து மிகக் குறைந்த விலையில் இணையத்தில் மட்டும் விற்கும் பெயர்களை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்.

இனி தொடர் என்பதால் என்ன மாறுகிறது என்று பார்ப்போம். உங்கள் மகனின் கணினியில் போன அந்தக் கீலையே எடுத்துக்கொள்கிறேன். மூடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் வரும் விசை முழுவதும் இரண்டு சிறிய உலோகக் கீல்களின் வழியே உடலுக்கு இறங்குகிறது. விலை குறைந்த தொடர்களில் அந்தக் கீலைப் பிடித்திருக்கும் திருகுகள், பிளாஸ்டிக் உடலில் வார்த்த சிறு குமிழ்களுக்குள் பதித்த பித்தளை மரைகளில்தான் முடுக்கப்பட்டிருக்கும். புதிதில் அது உறுதியாகவே இருக்கும். நாளாக ஆகக் கீலின் உராய்வு இறுகுகிறது, பிளாஸ்டிக் சூட்டில் நொய்ந்துபோகிறது, மூடியை எப்போதும் ஒரே மூலையில் பிடித்துத் திறக்கிறோம். ஒருநாள் பித்தளை மரை தன்னைச் சுற்றிய பிளாஸ்டிக்கையும் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. அதன்பின்னும் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் கீலை ஒட்டிச் செல்லும் திரைக் கேபிள் நசுங்கும். உடைந்த மரையோ திருகோ உள்ளே உருண்டு மதர்போர்டில் ஷார்ட் ஆகவும் கூடும். உங்கள் மகனுடையதில் கீலுக்குப் பின் மதர்போர்டு போனது தனித்தனி நிகழ்வாக இருக்கலாம்; ஆனால் கீல் தளர்ந்த அன்றே கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்தித் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

அலுவலகத் தொடர்களில் கீல் பெரும்பாலும் உலோகச் சட்டத்திலோ, உலோகத் தகடு வைத்துப் பலப்படுத்திய இடத்திலோ முடுக்கப்படுகிறது. விசைப்பலகையும் அப்படித்தான். மலிவுத் தொடர்கள் பலவற்றில் அது மேலுடலோடு பிளாஸ்டிக் முளைகளை உருக்கி ஒட்டப்பட்டிருப்பதால், ஒரு விசை போனாலும் மேலுடல் முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். அலுவலகத் தொடர்கள் பலவற்றில் சில திருகுகளைக் கழற்றினால் விசைப்பலகை மட்டும் தனியே வந்துவிடும். நூற்றுக்கணக்கில் வாங்கும் நிறுவனங்கள் தங்கள் பொறியாளரைக் கொண்டே பழுது பார்ப்பார்கள் என்பதற்காக இப்படி வடிவமைக்கிறார்கள். அந்த வசதி ஒரே ஒரு கணினி வாங்கும் உங்களுக்கும் கிடைக்கிறது. டெல், எச்பி, லெனோவோ மூன்றும் தங்கள் கணினிகளைக் கழற்றிப் பூட்டும் சேவைக் கையேடுகளைப் பொதுவிலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. வாங்க நினைக்கும் மாடலின் கையேட்டை இறக்கி, நினைவகம் (ரேம்), பேட்டரி, விசைப்பலகை ஆகியவற்றை மாற்றும் பக்கங்களைப் பாருங்கள். விசைப்பலகைக்குத் தனிப் பக்கம் இல்லாமல் மேலுடலோடு சேர்த்துச் சொல்லியிருந்தால், பின்னால் வரக்கூடிய செலவு இப்போதே தெரிந்துவிடும்.

தொடர்களின் பெயர்களில் கவனம் வேண்டும். லெனோவோவில் ஐடியாபேட் ஸ்லிம் வீட்டுக்கான தொடர். அதிலும் ஸ்லிம் 1-க்கும் ஸ்லிம் 5-க்கும் இடையே பெரிய தூரம் உண்டு. திங்க்புக்கும் திங்க்பேட் ‘ஈ’ வரிசையும் அலுவலகத் தொடர்களின் முதல் படி. திங்க்பேட் 1992-இல் ஐபிஎம் தொடங்கிய பெயர். 2005-இல் அந்தப் பிரிவையே லெனோவோ வாங்கியது. ஆனால் அந்தப் பெயர் பெற்ற புகழ் பெரிதும் ‘டி’, ‘எக்ஸ்’ வரிசைகளால் வந்தது என்பதையும், ‘ஈ’ வரிசை அந்த அளவுக்குச் செலவு செய்து செய்யப்படுவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருந்தாலும் அதே விலையில் உள்ள வீட்டுத் தொடர்களைவிட அதை நான் விரும்புவேன். எச்பியில் புரோபுக்கும் எலைட்புக்கும் அலுவலகத்துக்கு, பெவிலியனும் வெறும் எண்ணோடு வரும் எச்பி 14, எச்பி 15 போன்றவையும் வீட்டுக்கு. ஆசுஸில் விவோபுக், ஸென்புக் வீட்டுக்கு, எக்ஸ்பர்ட்புக் அலுவலகத்துக்கு. ஏசரில் ஆஸ்பயர், ஸ்விஃப்ட் வீட்டுக்கு, டிராவல்மேட் அலுவலகத்துக்கு. டெல்லில் இன்ஸ்பிரான் வீட்டுக்கும், வோஸ்ட்ரோவும் லாட்டிட்யூடும் அலுவலகத்துக்கும் இருந்தன. 2025 ஜனவரியில் அந்த நிறுவனம் பெயர்களை மாற்றி, அலுவலகத்துக்கானவற்றை ‘டெல் புரோ’ என்று அழைக்கத் தொடங்கியது. பெயர்கள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால் கடைக்காரரிடம் ‘இது வீட்டுக்கான தொடரா, கமர்ஷியல் தொடரா?’ என்றே நேராகக் கேளுங்கள். கமர்ஷியல் என்ற சொல் எல்லாக் கடைகளிலும் புரியும்.

பெட்டியின் மேல் ‘ராணுவத் தரச் சோதனை’ என்று எழுதியிருப்பதற்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறைகளைக் குறிக்கிறது. அதிலிருந்து எந்தச் சோதனைகளைச் செய்வது, எந்த அளவில் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், சான்று கொடுக்க ராணுவ அலுவலகம் எதுவும் இல்லை. அதைவிடக் கடையிலேயே நீங்கள் செய்யக்கூடிய சோதனை பயனுள்ளது. மூடியை ஒரு மூலையில் மட்டும் பிடித்து மெதுவாகத் திறந்து, கீலின் அருகே உடல் விரிந்து இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். விசைப்பலகையின் நடுவில் விரலால் அழுத்தி எவ்வளவு அமிழ்கிறது என்று பாருங்கள். கணினியை ஒரு கையால் ஒரு முனையில் தூக்கி, உடல் முறுகும் ஓசை வருகிறதா என்று கேளுங்கள்.

செயலியைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைவிட அதன் பின்னால் வரும் எண் முக்கியம். ஓர் எடுத்துக்காட்டு போதும். ஏஎம்டி நிறுவனத்தில் ரைஸன் 5 7520யூ, ரைஸன் 5 7530யூ என்று இரண்டு செயலிகள் இருக்கின்றன. படிப்பவருக்குப் பத்து எண் வித்தியாசம்தான் தெரியும். முதலாவது பழைய ஸென் 2 வடிவமைப்பில் நான்கு கோர்கள் (ஒரே நேரத்தில் தனித்தனியே கணக்கிடும் உள்அலகுகள்) கொண்டது. இரண்டாவது ஸென் 3 வடிவமைப்பில் ஆறு கோர்கள் கொண்டது. அந்த ஏழாயிர வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பின் தலைமுறையைச் சொல்கிறது. இன்டெல்லில் எண்ணின் இறுதியில் ‘யூ’ என்று வந்தால் மின்சாரம் குறைவாக எடுக்கும் வகை; ‘எச்’ என்று வந்தால் கூடுதல் வேகமும் கூடுதல் சூடும் உள்ள வகை. இயந்திரவியல் மாணவி வரைபட மென்பொருள்களில் பாகங்களை வரைந்து கோப்பதற்கு ஆறு கோர் ரைஸன் 5 அல்லது இன்டெல் ஐ5 வகுப்பில் உள்ள சமீபத்திய செயலி போதுமானது. இன்டெல்லின் செலரான், பென்டியம், ‘என்’ வரிசைச் செயலிகள் இந்தப் படிப்புக்கு உதவா.

நினைவகத்தில் மட்டும் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். 16 ஜிபி வேண்டும். விண்டோஸ் 11-உம் உலாவியும் மட்டுமே 8 ஜிபியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும், அதன்மேல் முப்பரிமாண வரைபடம் ஒன்றைத் திறந்தால் கணினி திணறும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியிருப்பதால், விற்பவர்கள் பழைய விலையைக் காட்டுவதற்காக 8 ஜிபி மாடல்களையே முன்னால் வைப்பார்கள். நினைவகம் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டதா, ஸ்லாட்டில் செருகப்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். முழுவதும் சாலிடர் செய்த 8 ஜிபி என்றால் ஐந்து ஆண்டும் அதே 8 ஜிபிதான். ஒரு ஸ்லாட்டாவது இருந்தால், தொகை போதாதபோது இப்போது 8 ஜிபியோடு வாங்கி, இரண்டாம் ஆண்டில் கூட்டிக்கொள்ளலாம். நிலைச் சேமிப்பகம் (எஸ்எஸ்டி) 512 ஜிபி இருந்தால் போதும். பெரும்பாலான மாடல்களில் அதைப் பின்னால் மாற்ற முடியும்.

திரைக்கு, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகையும் 300 நிட்ஸ் ஒளிர்வும் இருக்கட்டும். 250 நிட்ஸ் திரை விடுதி அறையின் ஜன்னல் ஓரத்தில் மங்கித் தெரியும். பேட்டரியின் கொள்ளளவு 50 வாட்-அவரைத் தாண்டினால் நல்லது. எந்த நிறுவனத்தின் பேட்டரியும் மூன்று ஆண்டில் தளரும், அது பழுதல்ல. பல மாடல்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, மேசையில் வைத்தே பயன்படுத்தும் நாட்களில் அதை இயக்கி வையுங்கள்.

இப்போது வாரண்டிக்கு வருகிறேன், ஏனென்றால் கும்பகோணத்தில் இருக்கும் உங்களுக்குச் செயலியைவிட இது பெரிய விஷயம். வீட்டுத் தொடர்களில் வழக்கமாக ஓராண்டு வாரண்டி இருக்கும். அது நாமே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டியதாகவோ, வீட்டுக்கே பொறியாளர் வருவதாகவோ இருக்கலாம். பெட்டியில் ‘ஆன்சைட்’ என்று இருந்தால் மட்டும் வீட்டுக்கு வருவார்கள். மகள் படிக்கும் ஊர் வேறாக இருந்தால் அந்த ஊரின் அஞ்சல் குறியீட்டுக்கும் அந்தச் சேவை உண்டா என்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள், கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது. வாங்கும் முன்பே இன்னொரு வேலையும் செய்யலாம்: உங்களுக்கு அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அழைத்து, நீங்கள் நினைத்திருக்கும் மாடலின் பெயரைச் சொல்லி, வாரண்டி முடிந்தபின் விசைப்பலகைக்கும் பேட்டரிக்கும் என்ன விலை, வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வந்தால் அந்த நிறுவனத்தின் சேவை உங்கள் பகுதியில் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். மூன்று நிறுவனங்களுக்கு இப்படி அழைத்துப் பார்த்தால், எந்தப் பெயர் என்ற உங்கள் கேள்விக்கு என்னைவிடத் துல்லியமான விடை உங்களிடமே இருக்கும்.

நீட்டிப்பு வாரண்டியை நிறுவனத்திடமிருந்தே வாங்குங்கள். கடைகளும் இணையச் சந்தைகளும் விற்கும் தனித்திட்டங்களில் பழுது பார்ப்பவர் யார், அசல் பாகம் போடுவார்களா என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தில் இருக்கும். என் உறவினர் ஒருவர் அப்படி ஒரு திட்டத்தை நம்பி ஏழு வாரம் கணினியில்லாமல் இருந்தார். தவறி விழுவதற்கும் தண்ணீர் கொட்டுவதற்குமான பாதுகாப்பைத் தனியே சேர்க்க முடியும், கல்லூரி விடுதிக்குப் போகும் கணினிக்கு அது வீண் செலவு அல்ல. மேலே சொன்ன 2009 கணக்கிலேயே பழுதுகளில் மூன்றில் ஒரு பங்கு விபத்துகளால் வந்தவை என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தப் பாதுகாப்பை வாங்கிய புதிதிலேயே எடுக்க வேண்டும், பிறகு கேட்டால் தரமாட்டார்கள். நீட்டிப்பிலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் சேர்த்தால் தொகை ஏறுகிறதே என்று தோன்றும். ஆண்டுக் கணக்கில் பாருங்கள். 42,000 ரூபாய்க்கு வாங்கியது இரண்டரை ஆண்டில் கைவிட்டால் ஆண்டுக்கு 16,800 ரூபாய். 60,000 ரூபாய்க்கு வாங்கியது ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். நடுவே தேர்வுக் காலத்தில் கணினி இல்லாமல் மகள் தவிப்பதற்கு விலை போட்டால் வித்தியாசம் இன்னும் கூடும்.

கடையில் உங்களைத் திசைதிருப்பக்கூடிய மூன்று யோசனைகள் உண்டு. முதலாவது கேமிங் மடிக்கணினி. தனி வரைகலைச் சில்லு இருப்பதால் பொறியியலுக்கு இதுவே பொருத்தம் என்பார்கள். அவற்றின் குளிரூட்டும் அமைப்பு பெரியது, அது உண்மையான நன்மை. ஆனால் கணினி பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல், கனமான சார்ஜர் தனி, வகுப்பில் பேட்டரி சில மணி நேரமே நிற்கும். இளநிலைப் படிப்பின் வரைபட வேலைக்கு அது கட்டாயமில்லை. கனமான உருவகப்படுத்தலுக்கு (சிமுலேஷன்) கல்லூரி ஆய்வகம் இருக்கிறது. இரண்டாவது ஆப்பிளின் மேக்புக் ஏர். நீடித்து உழைப்பதில் அதை நான் மதிக்கிறேன், ஆனால் எம்4 மாடல் 2025-இல் 99,900 ரூபாய்க்கு அறிமுகமானது, உள்ளே நினைவகமும் சேமிப்பகமும் மாற்ற முடியாதவை. எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரவியலில் அதிகம் புழங்கும் சாலிட்வொர்க்ஸ், கேட்டியா போன்ற வரைபட மென்பொருள்கள் விண்டோஸுக்கானவை. ஆகவே உங்கள் மகளுக்கு அது பொருந்தாது.

மூன்றாவது, புதுப்பிக்கப்பட்ட பழைய அலுவலகக் கணினி. சென்னை ரிச்சி தெருவிலும் பிற ஊர்களிலும், நிறுவனங்கள் குத்தகை முடிந்து விடுவித்த திங்க்பேட் ‘டி’ வரிசை, லாட்டிட்யூட், எலைட்புக் கணினிகள் புதிய மலிவுக் கணினியைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. உடற்கட்டில் அவை மேலானவை. கையில் 30,000 ரூபாய்தான் இருக்கிறது என்று யாராவது கேட்டால், புதிய மலிவுக் கணினிக்குப் பதில் இதையே சொல்வேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை ஏற்பதில்லை. எனவே ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. உங்களிடம் 60,000 ரூபாய் இருப்பதால், ஐந்தாண்டு கணக்குக்குப் புதியதே நல்லது.

நம் ஊர்ச் சூழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலோக உடல் கொண்ட கணினியைச் சார்ஜில் போட்டிருக்கும்போது கையில் லேசாகச் சுரீரென்றால், பெரும்பாலும் சுவர்ப் பிளக்கில் எர்த் சரியில்லை என்று பொருள். மூன்று முள் உள்ள இணைப்பில், எர்த் சோதித்த பிளக்கில் போடச் சொல்லுங்கள். மெத்தையின் மேல் வைத்துப் பயன்படுத்தினால் அடியில் காற்று போகும் வழி அடைபட்டு, தூசும் பஞ்சும் விசிறியில் சேரும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து தூசு எடுத்தால் கணினியின் ஆயுள் கூடுவதை என் அனுபவத்தில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன்: லெனோவோ திங்க்புக் அல்லது திங்க்பேட் ‘ஈ’, எச்பி புரோபுக், டெல் புரோ, ஆசுஸ் எக்ஸ்பர்ட்புக் ஆகியவற்றில் 14 அங்குல மாடல்களை மட்டும் பட்டியலிட்டு, ஆறு கோர் அல்லது அதற்கு மேலான செயலியும் நினைவக ஸ்லாட்டும் இல்லாதவற்றை அடித்துவிட்டு, மிஞ்சியவற்றில் கும்பகோணத்துக்கும் கல்லூரி ஊருக்கும் வீட்டுச் சேவை தருபவரிடம் மூன்றாண்டு வாரண்டியோடு வாங்குவேன். தொகை இடித்தால் நினைவகத்தை இப்போதைக்கு 8 ஜிபியில் நிறுத்துவேனே தவிர, வாரண்டியைக் குறைக்க மாட்டேன். வாங்கிய அன்றே வரிசை எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டு, வாரண்டி தொடங்கிய தேதி பில்லில் உள்ள தேதியோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பே தொடங்கியிருந்தால் பில்லைக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். முதல் வாரத்தில் எல்லா விசைகளையும், எல்லா இணைப்புத் துளைகளையும், ஒலிபெருக்கியையும், கேமராவையும் சோதித்து, வெள்ளைப் பின்னணியில் திரையில் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். தொடக்கத்திலேயே இருந்த குறைக்குக் கணினியையே மாற்றித் தரும் வாய்ப்பு பெரும்பாலும் முதல் ஏழு அல்லது பத்து நாளுக்குள்தான் இருக்கும்.